ரெண்டு தடவை எண்ணுகிறவர்

என் வீட்டுக்காரருக்குத் தக்காளி வாங்கத் தெரியாது. காயையும் பழத்தையும் ஒன்றாகக் கலந்து கட்டிக்கொண்டு வருவார். திட்டினால், "ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துத்தானே எடுத்தேன்" என்பார். அமுக்கித்தான் பார்ப்பார், பாவம். கண்ணால் பார்த்து அவருக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே காய்ந்த புல் நிறம்.

இது கல்யாணமாகி நாலாவது மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பச்சையில் ஒரு குடை வேண்டும் என்று கேட்டிருந்தேன். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பில் ஒன்றை வாங்கிவந்து, "நீ கேட்ட பச்சை" என்று நீட்டினார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது முகம் சிறுத்துப் போயிருந்தது. "சரி, விடுங்க. மழைக்கு நிறமா தெரியப்போகுது?" என்றேன். அந்தக் குடை பதினோரு வருஷம் உழைத்தது.

அப்படிப்பட்ட மனுஷர் இப்போது என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பச்சைப் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் எண்ணுகிறார். சிரிப்பதென்றால் சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

முதலில் பேருந்து ஓட்டத்தான் ஆசைப்பட்டார். கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். "எண்ணா? எங்க?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அதோடு அந்த ஆசைக்கு ஒரு கும்பிடு. அப்புறம் வயரிங் வேலை செய்கிற என் தம்பி, மாமா சும்மா இருக்கிறாரே என்று தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது வாரம் ஒரு வீட்டில் சிவப்பு வயரும் பச்சை வயரும் இடம் மாறி, சலவை இயந்திரத்தைத் தொட்ட வீட்டுக்காரி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. "மாமா, நீங்க பேசாம வீட்லயே இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று என் தம்பி இவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

நான் அப்போதே அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மீடியா அறையில் இருந்தேன். மீடியா என்றால் பத்திரிகை, டிவி என்று நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு. தூளை அளந்து, தண்ணீரில் கரைத்து, குடுவையில் ஊற்றி, ஆட்டோகிளேவில் அவிப்பேன். ஆட்டோகிளேவ் ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர், அவ்வளவுதான். நல்லது சமைக்கவும் அதுதான், வேலை முடிந்த தட்டுகளை வேகவைத்துக் கிருமியைக் கொன்று குப்பைக்கு அனுப்பவும் அதுதான். ஊரில் மற்ற மனைவிமார் வீட்டில் சமைத்தால் போதும். நான் வீட்டிலும் சமைத்து, இங்கே கோடிக்கணக்கான வாய்க்கும் சமைக்கிறேன்.

அங்கே எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று சொன்னபோது நான்தான் இவர் பெயரைக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் பதினைந்து கேள்விகள். பதினொன்றாவது, 'நிறங்களைப் பிரித்தறியும் பார்வை சரியாக உள்ளதா?' இவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.

"ஏய், என்ன பண்றே?" என்றார்.

"நீங்க எண்ணத்தானே போறீங்க, வெள்ளையடிக்கவா போறீங்க? பேசாம கையெழுத்தைப் போடுங்க" என்றேன். போட்டார். ஆறு வருஷமாக அந்த டிக் அலுவலகக் கோப்பில் உட்கார்ந்திருந்தது.

அங்கே நடக்கிற வேலை இதுதான். இரண்டு வகைப் பாக்டீரியாவில் எது வேகமாகப் பெருகுகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தனித்தனியே வளர்த்தால் இன்றைக்கு ஒரு சூடு, நாளைக்கு ஒரு சூடு, ஒப்பிட முடியாது. அதனால் இரண்டையும் ஒரே குடுவையில் சரிபாதியாகப் போட்டு, ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போட விடுவார்கள். ஆனால் இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். எனவே ஓட்டப் பந்தயத்தில் இரண்டு அணிக்கு இரண்டு நிறச் சட்டை போடுகிற மாதிரி, ஒன்றுக்குப் பச்சையாக ஒளிரும் புரதம், மற்றதற்குச் சிவப்பாக ஒளிரும் புரதம். பச்சை முதலில் ஜெல்லிமீனிடமிருந்து கிடைத்ததாம். சிவப்பு, பவளத்தின் உறவுக்காரப் பிராணி ஏதோ ஒன்றிடமிருந்து. அந்தப் புரதத்துக்கான குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் அதுவே தயாரித்துக்கொள்ளும். உரிய விளக்கைக் காட்டினால் மினுங்கும்.

தினமும் காலையில் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புது மீடியாவில் விடுவார்கள். இன்னொரு சொட்டை நன்றாக நீர்க்கவைத்து, மீடியா உறைந்திருக்கும், மூடி போட்ட சின்னத் தட்டில் பரப்புவார்கள். மறுநாள் ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு புள்ளியாக வளர்ந்து நிற்கும். பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணினால் யார் முந்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. இவ்வளவும் சாப்பாட்டு மேசையில் இவர் சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏறியது.

நிறம் தெரியாதவர் எப்படி எண்ணினார்? மூலை அறையில் ஒரு பழைய கேமரா பெட்டி உண்டு. தட்டை உள்ளே வைத்து நீல விளக்கைப் போட்டால், பச்சையாக ஒளிர்பவை மட்டும் திரையில் வெள்ளையாகத் தெரியும். விளக்கையும், கேமராவுக்கு முன்னால் இருக்கிற நிறக் கண்ணாடியையும் மாற்றினால் சிவப்பாக ஒளிர்பவை மட்டும் வெள்ளையாகத் தெரியும். திரையில் கறுப்பும் வெள்ளையும்தான். அந்தப் பெட்டிக்கும் நிறம் தெரியாது, இவருக்கும் தெரியாது, நல்ல ஜோடி. முதல் தடவை வெள்ளையாகத் தெரிந்த புள்ளிக்குத் தட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு குத்து. இரண்டாம் தடவை தெரிந்ததற்கு ஒரு குட்டி வட்டம். ஒரு தட்டுக்கு நாலைந்து நிமிஷம் ஆகும். மற்றவர்கள் நீல விளக்கு மேசையில் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே பார்வையில் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடுவார்கள். இவர் மெனக்கெட்டு இரண்டு முறை எண்ணுவதைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு கவனம் என்று எல்லாரும் மெச்சினார்கள். 'ரெண்டு தடவை அண்ணா' என்றே பெயராகிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பும் பயமும்.

அந்த வருஷம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். இன்னும் பட்டம் வாங்காததால் நான் வைத்த பெயர் அரை டாக்டர். நல்ல பெண், ஆனால் நடையே ஓட்டம்தான். மருந்துக்கு மசியாத பாக்டீரியா ஒன்றும், மருந்துக்குச் சாகிற சாதாரண பாக்டீரியா ஒன்றும் வைத்துக்கொண்டு, மருந்தே இல்லாத மீடியாவில் எது ஜெயிக்கும் என்று பார்த்தாள். மசியாததற்குச் சிவப்பு, சாதாரணத்துக்குப் பச்சை. சிவப்பு மேலே மேலே போகிறது என்று அவள் கணக்கு சொன்னது. மருந்து இல்லாத இடத்திலும் அதுதான் ஜெயிக்கும் என்றால் பயங்கரமான செய்தியாமே. ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

இடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரத்துப் பதினாறு தட்டுகளை இவர் எண்ணினார். திரும்பி வந்தவள் அதே தட்டுகளைத் தன் பங்குக்கு எண்ணிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பிரச்சினை வெடித்தது.

நான் கழுவிய குடுவைகளை அடுக்க அந்த அறைக்குப் போயிருந்தேன். ஆய்வகத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், இருவரும் எண்ணி எழுதிய இரண்டு காகிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இந்தத் தட்டுல மொத்தம் இருநூறு புள்ளி" என்றாள் அரை டாக்டர். "பச்சை எழுபத்தாறு. அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. அப்ப சிவப்பு நூத்தி இருபத்துநாலு இருக்கணும்ல? நீங்க தொண்ணூத்து மூணுன்னு எழுதியிருக்கீங்க. மிச்சம் முப்பத்தொண்ணு எங்க போச்சு?"

"எங்கயும் போகலம்மா. மூணாவது பத்தியில இருக்கு" என்றார் இவர். அவர் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி. 'ரெண்டும் இல்ல' என்று தலைப்பு. குத்தும் விழாத, வட்டமும் விழாத புள்ளிகள்.

"ரெண்டும் இல்லாம எப்படிண்ணா இருக்கும்? உள்ள விட்டது ரெண்டே வகை. பச்சை இல்லேன்னா சிவப்பு. நான் மொத்தத்துல பச்சையைக் கழிச்சுடுவேன், அதுதான் சிவப்பு. அந்தப் பழைய பெட்டிக்கு மங்கலான சிவப்பு தெரியல, அவ்வளவுதான். இல்லாட்டி மீடியாவுல ஏதோ கோளாறு."

மீடியாவில் கோளாறா! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் மீடியாவை எதுக்குமா இழுக்கறே? அது பாட்டுக்கு அது இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மேடம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் நியாயமானவர், ஆனால் கறார். "யார் சொல்றது சரின்னு இப்ப எனக்குத் தெரியாது. நாளைக்குப் பத்து மணிக்கு அதே தட்டுங்களை எடுத்துட்டு வாங்க. பெட்டி வேண்டாம். நீல விளக்கு மேசையில, என் முன்னாடி, ரெண்டு பேரும் கண்ணால எண்ணிக் காட்டுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியல் அலுவலகத்துக்குப் போகிறது. அதில் இவர் பெயர் இருந்தது. ஆறு வருஷம் ஒப்பந்தத்தில் காலம் தள்ளி, வருஷா வருஷம் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். நாளைக்கு ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மேசையில் இவர் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும். விண்ணப்பத்தில் பொய் எழுதியவர் என்று அனுப்பிவிட்டால், ஐம்பது வயதில் எந்தக் கதவைத் தட்டுவது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். "மூணாவது பத்தியை அடிச்சுட்டு, அதெல்லாம் சிவப்புன்னு எழுதிடுங்க. பெட்டி சரியாத் தெரியல, தப்பா எண்ணிட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. ஒரு தடவை தப்பா எண்ணினதுக்கெல்லாம் பட்டியல்லேருந்து பேரை எடுக்க மாட்டாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சிவப்பு இல்லாததை எப்படிச் சிவப்புன்னு எழுதறது?"

"ஆகா! உங்களுக்கு எப்பத்திலேருந்து சிவப்பு தெரிய ஆரம்பிச்சுது?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அதுவே எனக்குப் பாதிக் கோபம். "எனக்குத் தெரியலங்கறதாலதான் சொல்றேன்" என்றார் நிதானமாக. "தெரியறவங்க ஒரு பக்கம் பாத்துட்டு இன்னொரு பக்கத்தை ஊகிச்சுக்கறாங்க. எனக்கு அப்படி ஊகிக்க வராது. ரெண்டையும் பாத்தாத்தான் உண்டு. அந்த முப்பத்தொண்ணு எதுலயும் வெளிச்சம் காட்டல."

"நாளைக்கு எப்படி எண்ணப்போறீங்க?"

"எண்ண முடியாதுன்னு சொல்லுவேன்."

"ஏன் முடியாதுன்னு கேப்பாங்களே!"

"சொல்லுவேன்" என்றார். கல்லுளிமங்கனைக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

புதன்கிழமை பழைய தட்டுகளை அவிக்கிற நாள். எட்டரைக்கே போய்விட்டேன். குளிர் அறையில் கழிவுப் பைகளை எடுக்கும்போது மேல் அடுக்கில் அந்தப் பதினாறு தட்டும் இருந்தன. பின்பக்கம் முழுக்க இவர் போட்ட குத்தும் வட்டமும். அவற்றைத் தூக்கி எறிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் அங்கேயே நின்றேன். தட்டே இல்லையென்றால் எதை எண்ணுவது? யாரை மேசையில் உட்காரவைப்பது? பழசோடு சேர்ந்து வந்துவிட்டது என்று நான் ஒரு திட்டு வாங்கிக்கொண்டால் போகிறது. அந்தப் பெண்ணின் கணக்கு சரியோ தப்போ, அது அவள் பாடு. என் வீட்டுக்காரர் வேலையில் இருப்பார்.

எடுத்துப் பையில் போட்டேன். பையைக் கூடையில் வைத்து ஆட்டோகிளேவுக்குள் இறக்கினேன். மூடியைப் போட்டுத் திருகுகளை முறுக்கி, சுவிட்சைப் போட்டேன். அந்த இயந்திரத்தில் சூடாகும்போது சிவப்பு விளக்கும், சும்மா இருக்கும்போது பச்சை விளக்கும் எரியும். சிவப்பு எரிந்தது. அடியில் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. நீராவி வர இருபது நிமிஷமாகும். அதற்கப்புறம் தட்டு, புள்ளி, பேனாக் குறி எல்லாம் உருகி ஒரே கட்டி.

ஐந்தாறு நிமிஷம் அதன் முன்னாலேயே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு கொஞ்சம்கூட லேசாகவில்லை. ஆறு வருஷம் அந்த மூலை அறையில் குனிந்து குனிந்து எண்ணிய முதுகுதான் கண் முன்னால் வந்தது. கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது. அணைத்த கையை இழுப்பதற்குள் வாசலில் அவர் நின்றார்.

"அந்தப் பதினாறு தட்டு குளிர் அறையில இல்லையே?"

"பழசோட சேந்து வந்துடுச்சு போல. இன்னும் சுவிட்சே போடல, இருங்க" என்றேன். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வர அந்த இயந்திரம் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் பேசும்போது சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கு அது எந்த நிறமென்று தெரியாது என்கிற தைரியத்தில்தான் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மூடியைத் திறந்தேன். அவரே கையை விட்டுப் பையை எடுத்து, தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்து எண்ணினார். பதினாறும் இருந்தன. அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. காலிக் குடுவை இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அரை டாக்டர் ஆரஞ்சுக் கண்ணாடியை நீட்டினாள். இவர் வாங்கி மேசையில் வைத்தார்.

"மேடம், என்னால கண்ணால எண்ண முடியாது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "விண்ணப்பத்துல இதுக்கு ஒரு கேள்வி இருக்குமே?"

"இருந்துச்சு மேடம். சரியா இருக்குன்னு டிக் போட்டது நான்தான்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். எப்படித் தெரிந்ததோ, "என்னைத் தவிர வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

"நிறமே தெரியாம ஆறு வருஷம்..." என்று அரை டாக்டர் ஆரம்பித்தாள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பாக்கறதை நீங்க நம்ப வேண்டாம் மேடம்" என்றார் இவர். "அந்தப் புள்ளிங்களையே கேட்டுப் பாத்துடலாம். சிவப்பு வகை மருந்துல சாகாது, பச்சை வகை செத்துடும். குறி விழாத புள்ளியை எடுத்து மருந்துத் தட்டுல வெச்சா, அது எந்த வீட்டுப் பிள்ளைன்னு நாளைக்குக் காலையில தெரிஞ்சுடும்."

மேடம் என்னிடம், "மருந்து போட்ட தட்டு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார்.

மத்தியானத்துக்குள் ஊற்றிக் கொடுத்தேன். மீடியாவை உறையவைக்கிற அகாரைச் சேர்த்து அவித்து, குடுவையைக் கன்னத்தில் வைத்தால் தாங்குகிற சூட்டுக்கு ஆறவிட்டு, மருந்தைக் கலந்தேன். அன்றைக்குப் போல நான் கவனமாக ஊற்றியதே கிடையாது. அரை டாக்டரே அவித்த பல்குச்சியால் குறி விழாத ஐம்பது புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு மருந்துத் தட்டிலும் வெறும் தட்டிலும் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கக் குத்து விழுந்ததில் பத்து, வட்டம் விழுந்ததில் பத்து.

வியாழக்கிழமை காலையில் திறந்தார்கள். வெறும் தட்டில் எல்லாமே வளர்ந்திருந்தன. மருந்துத் தட்டில் வட்டம் போட்ட பத்தும் வளர்ந்திருந்தன, குத்துப் போட்டதில் ஒன்றுகூட இல்லை. குறி விழாத ஐம்பதில் இரண்டே இரண்டு முளைத்திருந்தன, அவள் சொன்ன மங்கலான சிவப்பு அவ்வளவுதான். மீதி நாற்பத்தெட்டு இடமும் வெறுமையாக இருந்தது. அத்தனையும் பச்சை வீட்டுப் பிள்ளைகள், விளக்கை மட்டும் தொலைத்துவிட்டவை. பச்சைப் புரதத்தின் குறிப்பு பாக்டீரியாவுக்குள் தனி வளையமாக இருந்ததாம். அது ஒரு சுமை. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது சில அதைக் கீழே போட்டுவிட்டு ஓடும், சுமை இல்லாததால் இன்னும் வேகமாக ஓடும். சிவப்பின் குறிப்பு உடம்போடு சேர்த்துத் தைத்தது, தொலையாது.

அரை டாக்டர் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். எழுபத்தாறும் முப்பத்தொன்றும் நூற்றேழு. எதிரே தொண்ணூற்று மூன்று. "அப்ப சிவப்பு ஜெயிக்கவே இல்ல. தோத்துக்கிட்டு இருக்கு" என்றாள். முகம் செத்துப் போயிருந்தது. ஆறு வாரத்து வேலை. அப்புறம், "அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதேண்ணா" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அழுதும் விட்டாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது அந்த ஆய்வகத்தில் எல்லாருடைய தாளிலும் மூன்று பத்தி. யாரும் கழித்து எழுதக் கூடாது, இரண்டு தடவை எண்ண வேண்டும் என்று மேடம் எழுதி ஒட்டிவிட்டார். நல்லதுதான். ஆனால் வெள்ளிக்கிழமைப் பட்டியல் இவர் பெயர் இல்லாமல்தான் போனது. மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "உங்களை வேலையை விட்டு அனுப்ப நான் விடல. எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா பொய்யான டிக்கை மறைச்சு என்னால கையெழுத்துப் போட முடியாது. ஒப்பந்தம் தொடரும். நிரந்தரத்தைப் பத்தி அடுத்த வருஷம்தான் பேச முடியும்." இவர் "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான், சரிங்க மேடமாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் நான் வெடித்துவிட்டேன். இவர் வழக்கம்போல வாங்கிவந்த தக்காளியை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வருஷம்! திரும்பவும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, புதுப்பிப்பாங்களா மாட்டாங்களான்னு உக்காந்திருக்கணும். ஊருக்கு உண்மை சொல்லி உங்களுக்கு என்ன கிடைச்சுது? டிக்கைப் போட்டது நான். அதையும் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. யாரு கேட்டா? நான் அன்னைக்கே அந்தத் தட்டையெல்லாம் அவிச்சுத் தொலைச்சிருக்கணும்!"

"அவிக்கத்தானே வெச்சிருந்தே" என்றார்.

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "என்ன சொல்றீங்க?"

"கையில எடுக்கும்போதே வெதுவெதுன்னு இருந்துச்சு. தட்டு மூடியில முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. குளிர் அறையில இருந்த தட்டு எப்படி வெதுவெதுன்னு இருக்கும்?" குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. தக்காளியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்று நாள். மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்திருக்கிறார், மேடத்தின் முன்னால் என் டிக்கைத் தன் டிக் என்று சொல்லியிருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நிறுத்தினதும் நீதானே" என்றார். ஒரு தக்காளியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "அழாதே. இது பழமான்னு பாத்துச் சொல்லு."

பழம்தான்.